சின்னப் பிள்ளைகளுக்கு ஆதி மனிதரைச் சொல்லிக்கொடுப்பது எப்படி? கொழும்புப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறேழு வயதுப் பிள்ளையிடம் ஒரு கடதாசியைக் கொடுத்து "ஆதி மனிதன் ஒருவரைக் கீறுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படம்தான் வரும்: தாடி, புலித்தோல், தோளில் பெரிய பொல்லு, பக்கத்தில் ஒரு டைனோசர். சிலர் பனியும் கீறுவார்கள். எல்லாம் கார்ட்டூன் கொடுத்தது. அதில் பெண் இல்லை, குழந்தை இல்லை, காடு இல்லை. இலங்கையும் இல்லை.

ஆனால் கொழும்பிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியத்துக்கு முன் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், களுத்துறை மாவட்டத்தின் பாஹியங்கல குகையில், ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். மழைக்காட்டுக்குள் அம்பு எய்து குரங்கும் அணிலும் பிடித்தார்கள், எலும்பில் கூர்முனை செய்தார்கள், சிப்பியில் மணி கோத்தார்கள். நமது பாடசாலைகளில் வரலாறு தனிப் பாடமாக வருவது தரம் 6இல்தான். அதற்குள் அந்தக் கார்ட்டூன் படம் மனதில் நன்றாகவே குடியேறிவிடும். அதனால்தான் ஐந்து வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளோடு இதைத் தொடங்க வேண்டும் என்கிறேன்.

இந்த வழிகாட்டி முழுவதும் இரண்டே பிடிமானங்கள்தான். ஒன்று, இந்த மண்ணில் கிடைத்ததிலிருந்து தொடங்குவது. மற்றது, எதைச் சொன்னாலும் "அது எப்படித் தெரியும்?" என்ற கேள்வியைப் பிள்ளையின் வாயில் வரவைப்பது.

தொடங்கும் முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை

பிள்ளைக்குச் சொல்லப்போவது கொஞ்சம்தான். ஆனால் கேள்வி எந்தப் பக்கத்தால் வரும் என்று சொல்ல முடியாது, ஆகவே உங்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கதை ஆபிரிக்காவில் தொடங்குகிறது. 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த 'லூசி'யின் எலும்புகள் ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுகள் பழையவை. அவள் இரண்டு காலில் நடந்தாள். உயரம் சுமார் மூன்றரை அடி, தரம் 1 பிள்ளையின் உயரம்தான். கென்யாவின் லொமெக்வி என்ற இடத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு வயது 33 இலட்சம் ஆண்டு. நம்மைப் போன்ற மனிதர், அதாவது ஹோமோ சேப்பியன்ஸ், சுமார் 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றினார்கள். நியாண்டர்தால் என்ற இன்னொரு மனித இனம் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தது.

இலங்கையைப் பொறுத்தவரை மூன்று குகைகளின் பெயரை மனதில் வைத்திருங்கள்: புளத்சிங்களவுக்குக் கிட்ட பாஹியங்கல, குருவிட்டவுக்குக் கிட்ட பட்டதொம்பலென, கித்துல்கலவில் பெலிலென. கடைசி இரண்டிலும் 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் உண்டு. பாடப்புத்தகத்தில் வரும் 'பலாங்கொடை மனிதன்' என்ற பெயரைத் தந்தவர் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. அவருடைய மகன் சிரான் தெரணியகல இந்தக் குகை ஆய்வுகளைப் பெரிதாக முன்னெடுத்தார். வடக்கில் சொந்தக்காரர் உள்ள பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: கிளிநொச்சி இரணைமடுவின் மண் படிவுகளிலும் ஆதி மனிதரின் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. கலியாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு: மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில்தான், 1863இல், இந்தியாவின் முதலாவது பழைய கற்காலக் கோடரியை ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்தார்.

படி 1: கீறவிடுங்கள், திருத்தாதீர்கள்

மேலே சொன்ன படத்தை முதல் நாளே கீறச் சொல்லுங்கள். டைனோசர் வந்தாலும் பரவாயில்லை, "பிழை" என்று சொல்ல வேண்டாம். பெயரும் திகதியும் எழுதி எடுத்து வையுங்கள். கடைசியில் அதே பிள்ளை இன்னொரு படம் கீறும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளையே பார்க்கட்டும். இதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது.

படி 2: காலத்தைக் காலிமுகத்திடலில் விரித்துக் காட்டுங்கள்

"மூன்று இலட்சம் ஆண்டு" என்று வாயால் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. நடந்து பார்த்தால் விளங்கும்.

30 மீற்றர் நூல் ஒன்று வாங்குங்கள். கணக்கு இதுதான்: ஒரு சென்ரிமீற்றர் நூறு ஆண்டு. அப்போது நூலின் ஒரு முனை இன்று, மறுமுனை நம்மைப் போன்ற முதல் மனிதர். இன்றைய முனையிலிருந்து அளந்து உடுப்புக் கிளிப்புகளைக் கொழுவுங்கள். ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடத்தில் அம்மம்மா பிறந்தா. 1.6 சென்ரிமீற்றரில், 1864இல், கொழும்பிலிருந்து முதல் ரெயில் ஓடியது. 23 சென்ரிமீற்றரில் இலங்கையின் குகைகளில் பிராமி எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 70 சென்ரிமீற்றருக்கு அப்பால் போனால் பாக்கு நீரிணையில் தண்ணீர் இல்லை. கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே போகலாம். (இந்த இடத்தில் ஒரு பெரிய ஆரவாரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு மீற்றர் சொச்சத்தில் உலகத்தில் விவசாயம் தொடங்குகிறது. 4.8 மீற்றரில் பாஹியங்கல மனிதர். அதற்கு மேல் இருபத்தைந்து மீற்றர் நூல் மிச்சம் கிடக்கும்.

வகுப்பறையோ பிளட்டோ இதற்குப் போதாது. காலிமுகத்திடல் நல்ல இடம், ஏனென்றால் அதன் நீளம் சுமார் அரைக் கிலோமீற்றர். நூல் முடிந்த பிறகும் அதே திசையில் நடந்துகொண்டே இருங்கள். தொடங்கிய இடத்திலிருந்து 320 மீற்றரில் நின்று "இங்கேதான் லூசி" என்று சொல்லலாம்.

அப்புறம் யாராவது கேட்பார்கள்: "டைனோசர் எங்கே, டீச்சர்?" டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு ஆகிறது. இதே கணக்கில் 6.6 கிலோமீற்றர். காலிமுகத்திடலிலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட வெள்ளவத்தை! காலி வீதியால் பஸ்ஸில் வந்த பிள்ளைக்கு அந்தத் தூரம் நன்றாகத் தெரியும். மனிதரும் டைனோசரும் ஒன்றாக வாழவில்லை என்பதற்கு இதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படாது.

படி 3: குப்பையை வாசிக்கப் பழக்குங்கள்

ஒரேயொரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஆதி மனிதரைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர்கள் சாப்பிட்டுப் போட்டதிலும் உடைத்துப் போட்டதிலும் இருந்து வந்தது. பிள்ளைக்கு அது ஒருமுறை விளங்கிவிட்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

முதலில் ஒரு விளையாட்டு. தெரிந்த மூன்று வீடுகளிலிருந்து காய்ந்த, சுத்தமான குப்பையை மூன்று பையில் வாங்குங்கள். பஸ் டிக்கெட், பால்மாப் பெட்டி, மருந்து அட்டை, உடைந்த பென்சில், முட்டைக் கோது, பழைய கலண்டர் தாள், எதுவும் சரி. பெயர், முகவரி உள்ளவற்றை எடுத்துவிடுங்கள். பிளேட், கண்ணாடி, மாத்திரை எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் மூன்று குழுவாக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும்: இந்த வீட்டில் எத்தனை பேர்? கைக்குழந்தை உண்டா? யாருக்காவது வருத்தமா? கடைசியாக எங்கே போய்வந்தார்கள்?

பிள்ளைகள் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: "அது எப்படித் தெரியும்?" "இங்கே குழந்தை இருக்கு, பால்மாப் பெட்டி கிடக்கு" என்பார்கள். "பெரியவர்களும் பால்மாவில் தேத்தண்ணி குடிக்கிறார்களே?" என்று கேளுங்கள். உடனே பையைத் திரும்பக் கிளறுவார்கள், வேறு சாட்சி தேடி. அந்தக் கிளறல்தான் தொல்லியல். "இருக்கலாம்", "நிச்சயம்", "தெரியாது" என்று மூன்று பெட்டி கீறி ஒவ்வொரு பதிலையும் ஏதாவது ஒன்றில் போடச் சொல்லுங்கள். "தெரியாது" பெட்டியில் போடுகிற பிள்ளையை நன்றாகப் பாராட்டுங்கள். நமது வகுப்பறைகளில் அந்தச் சொல்லுக்குப் பாராட்டுக் கிடைப்பது குறைவு.

இரண்டாவது, ஒரு புதையல். இதற்கு முற்றம் தேவையில்லை. பெயின்ற் வாளி ஒன்றின் அடியில் துளை போட்டு, தோட்டத்து மண்ணை நிரப்பிப் பல்கனியில் வைத்தாலே போதும். உள்ளே புதைக்க வேண்டியவை: வாழையிலைத் துண்டு, பருத்தித் துணித் துண்டு, நார்க்கயிறு, கழுவிய கோழியெலும்பு, கடற்கரைச் சிப்பி, கரிக்கட்டை, ஒரு கூழாங்கல். என்னென்ன புதைத்தோம் என்று ஒரு பட்டியலைப் பிள்ளையின் கையாலேயே எழுதி ஒட்டுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். கொழும்பின் வெக்கையும் ஈரமும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கரண்டியும் பழைய பெயின்ற் பிரஷும் கொடுத்துத் தோண்டவிடுங்கள். வாழையிலை போயே போய்விட்டிருக்கும். துணி தொட்டால் கிழியும். கல்லும் சிப்பியும் எலும்பும் கரியும் அப்படியே இருக்கும். பட்டியலோடு ஒப்பிடும்போது ஏதாவதொரு பிள்ளை தானாகவே சொல்லும்: "அப்போ அவர்களிடம் கூடையும் உடுப்பும் இருந்திருந்தாலும் எங்களுக்குக் கிடைக்காதுதானே?" அந்தப் பிள்ளை சொன்னதைப் பலகையில் எழுதிவிடுங்கள். கற்காலத்தில் வெறும் கல்லை வைத்துக்கொண்டா வாழ்ந்தார்கள்? கல்தான் மிஞ்சியது.

கரிக்கட்டையைக் கையில் எடுத்து ஒரு விடயம் சொல்லுங்கள். உயிருள்ள மரத்தில் ஒருவகைக் கரிமம் இருக்கிறது. மரம் செத்த நாளிலிருந்து அது மெல்ல மெல்லக் குறையும், 5,730 ஆண்டில் பாதியாகும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால் அந்த விறகு எப்போது வெட்டுப்பட்டது என்று தெரிந்துவிடும். ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை இந்த முறை பிடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எண்கள் வேண்டாம். "கரியை அளந்து பார்த்து வயது சொல்லலாம்" என்பதே காணும்.

படி 4: ஈர மணலில் காலடி

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது மிகவும் சுலபம். ரெயில் பாதையைக் கவனமாகக் கடந்து கடற்கரைக்குப் போனால் போதும். தான்சானியாவின் லயட்டோலியில் ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் விழுந்து, அதன்மேல் மழை பெய்து, அந்த ஈரத்தில் சிலர் நடந்து போயிருக்கிறார்கள். சாம்பல் இறுகிவிட்டது. 1978இல் மேரி லீக்கியின் குழு அந்தக் காலடித் தடத்தைக் கண்டுபிடித்தது. பெரிய காலும் சின்னக் காலும் பக்கத்தில் பக்கத்தில்.

ஒரு பிள்ளையையும் பெரியவர் ஒருவரையும் சேர்த்து நடக்கவிடுங்கள். மற்றவர்கள் திரும்பி நிற்கட்டும். பிறகு தடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்: யார் உயரம்? எங்கே ஓடினார்கள்? எங்கே நின்றார்கள்? ஒருவரின் காலடி நீளத்தை ஆறரையால் பெருக்கினால் உயரம் ஏறத்தாழ வரும் என்று சொல்லிக்கொடுங்கள். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் எல்லோருடைய காலையும் அளக்க வருவார்கள்.

படி 5: இன்றைய தட்டிலிருந்து தொடங்குங்கள்

மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கீறச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள். சோறு போகும், 48,000 ஆண்டுகளுக்கு முன் விவசாயமே இல்லை. பாண் போகும். மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்காவிலிருந்து வந்தவை, போர்த்துக்கீசர் காலத்துக்கு முன் இங்கே இல்லை. தேயிலை இலங்கையில் தோட்டப் பயிரானது 1867இல். "அப்போ என்னத்தைச் சாப்பிட்டார்கள்?" என்ற கேள்வி இப்போது உண்மையான பசியோடு வரும்.

பதில் குகை மண்ணில் இருக்கிறது. கெக்குன மரத்தின் கொட்டைக் கோதுகள் கரிந்த நிலையில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. காட்டு வாழை, நமது பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் உறவான காட்டு ஈரப்பலா, மரநத்தை, முள்ளம்பன்றி, பெரிய மர அணில், குரங்கு. பாஹியங்கலவில் கிடைத்த விலங்கு எலும்புகளில் பெரும்பாலானவை குரங்கும் அணிலும்தான். உயரமான மரத்தில் பாய்ந்து ஓடுகிற சின்ன விலங்கைப் பிடிக்க எவ்வளவு கெட்டித்தனம் வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். மழைக்காட்டில் மனிதர் வாழவே முடியாது என்று நெடுங்காலம் நினைத்திருந்த ஆய்வாளர்களின் எண்ணத்தை மாற்றியதில் இலங்கைக் குகைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை நாம் பெருமையோடு சொல்லலாம்.

செய்து பார்க்கப் பலாக்கொட்டை சுடுங்கள். பார்பிகியூ அடுப்புக் கரியில் சுட்டு, கோதை உடைத்துச் சாப்பிட்டு, கோதுகளை எறியாமல் ஒரு குவியலாக வையுங்கள். எத்தனை பேர் சாப்பிட்டோம் என்று கோதை எண்ணிச் சொல்ல முடியுமா? படி 3 இங்கே திரும்ப வரும். (கொட்டையைச் சுடுமுன் கத்தியால் லேசாகக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்.)

படி 6: கயிறு திரிப்பதும் விளிம்பைச் சோதிப்பதும்

பிள்ளைகளைக் கொண்டு கல் உடைக்க வைக்காதீர்கள். சில்லு கண்ணில் பாயும். பெரியவர்கள் உடைத்துக் காட்டுவதும் வேண்டாம். நமது குகை மனிதரின் கற்கருவிகள் படிகக்கல்லில் செய்த சின்னஞ்சிறு துண்டுகள், பல விரல்நுனி அளவுதான். கோடரி தூக்கிய இராட்சதர்களை எதிர்பார்த்த பிள்ளைக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். "இவ்வளவு சின்னத் துண்டால் என்ன செய்வது?" என்று கேட்கட்டும். தடியில் பொருத்தி, பிசினும் நாரும் சேர்த்துக் கட்டினால் கருவி என்று சொல்லுங்கள்.

விளிம்பைச் சோதிக்கச் சிப்பி, சிரட்டைத் துண்டு, தட்டையான கல், ஐஸ்கிரீம் குச்சி ஆகியவற்றைக் கொடுத்து வாழைப்பழத்தையும் வெண்டிக்காயையும் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எது நன்றாக வெட்டுகிறது, ஏன் என்பதைப் பிள்ளையே எழுதட்டும்.

கயிறுதான் இந்தப் படியின் உயிர். பாஹியங்கல எலும்புக் கருவிகளை ஆராய்ந்தவர்கள், அம்புமுனைகளோடு தோலையும் தாவர நாரையும் பதப்படுத்தப் பாவித்த கருவிகளையும் அடையாளம் கண்டார்கள். நார் மிஞ்சவில்லை, அதைத் திருத்திய எலும்பு மிஞ்சியிருக்கிறது.

வாழைமடலைப் பூக்கடைகளில் கேட்டால் கிடைக்கும். நீளமாக நாராகக் கிழித்து நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். திரிக்கும் முன் தண்ணீரில் நனையுங்கள். இரண்டு நாரை ஒரு முனையில் முடிந்து, முடிச்சை இடது கையில் பிடியுங்கள். இரண்டில் உங்களுக்குத் தூரத்தில் இருக்கும் நாரை உங்களிடமிருந்து அப்பால் முறுக்குங்கள். முறுக்கியதை மற்ற நாருக்கு மேலால் உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது மற்ற நார் தூரத்தில் இருக்கும். அதை முறுக்கி இதற்கு மேலால் கொண்டுவாருங்கள். இப்படியே. கையை விட்டாலும் அவிழாது, ஏனென்றால் இரண்டு நாரும் ஒருபக்கம் முறுக்குப்பட, கயிறு மறுபக்கம் சுற்றியிருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தனியே வராது. ஒருவர் முனையைப் பிடிக்க மற்றவர் முறுக்கட்டும். ஏழு வயதுக்குப் பிறகு கை பழகிவிடும்.

ஒரு சாண் கயிறு வந்ததும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். முறுக்காத ஒற்றை நாரிலும் கட்டிப் பாருங்கள். வித்தியாசம் கையில் தெரியும். இதைச் செய்துவிட்ட பிள்ளைக்கு "ஆதி மனிதர் கெட்டிக்காரர்கள்" என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வில் அம்பைப் பற்றி வாயால் சொன்னால் போதும். பாஹியங்கலவில் கிடைத்த 130 எலும்பு முனைகளை ஆராய்ந்து, வேகமாகப் போய் மோதியதால் வந்த உடைவுகளைப் பார்த்துத்தான் அவை அம்புமுனைகள் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. ஆபிரிக்காவுக்கு வெளியே வில் அம்புக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. வீட்டில் வில் செய்து கொடுத்தால் விளையாட்டு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

படி 7: கையும் மணியும்

செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்துத் தண்ணீரில் குழையுங்கள். பிள்ளையின் கையைத் தடித்த கடதாசியில் வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷைக் கரைசலில் தோய்த்து விரலால் தெறிக்கவிடுங்கள். கையை எடுத்தால் கையின் வடிவம் வெள்ளையாக நிற்கும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஏறத்தாழ 40,000 ஆண்டு பழைய கையடையாளங்கள் இப்படித்தான் இருக்கின்றன. பிரான்ஸின் ரூஃபின்யாக் குகையில் சின்னப் பிள்ளைகள் விரலால் இழுத்த கோடுகளும் உண்டு. தங்கள் வயதுப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் என்று கேட்டவுடன் வகுப்பே மாறிவிடும்.

மணிக்கு, கடற்கரையில் பொறுக்கிய சின்னச் சிப்பியின் குமிழ்ப் பக்கத்தைச் சீமெந்துப் படியில் தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். பொறுமையாகத் தேய்த்தால் ஓட்டை விழும். படி 6இல் திரித்த கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். பாஹியங்கலவில் கடற்சிப்பி மணியும் செங்காவி மணியும் கிடைத்திருக்கின்றன. குகையோ காட்டுக்குள். "சிப்பி அங்கே எப்படி வந்தது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

படி 8: நூதனசாலை, பிறகு குகை

கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலை 1877இல் தொடங்கியது. முதல் தடவையிலேயே முழுக் கட்டடத்தையும் காட்டிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். சிம்மாசனமும் வாளும் கண்ணில் பட்டால் ஆதி மனிதரை மறந்துவிடுவார்கள். நேராக வரலாற்றுக்கு முற்பட்ட காலப் பகுதிக்குப் போய், அரை மணி நேரம் நின்று, வெளியே வந்து விகாரமகாதேவி பூங்காவில் சாப்பிடுங்கள். பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: இருப்பதிலேயே சின்னக் கருவியைக் கண்டுபிடித்து அதே அளவில் கீறுவது, எலும்பில் செய்த ஒன்றைத் தேடுவது, விளக்கப் பலகையில் எந்த ஊரின் பெயர் இருக்கிறது என்று வாசிப்பது.

பாஹியங்கலவுக்கு ஹொரண, புளத்சிங்கள வழியாகப் போகலாம். படி ஏற வேண்டும். தண்ணீர்ப் போத்தல் அவசியம், மழை நாளில் வழுக்கும். குகைக்குள் விகாரையும் சயன புத்தர் சிலையும் இருக்கின்றன. முழங்காலும் தோளும் மறையும் உடுப்புப் போட்டு, சப்பாத்தைக் கழற்றி, சத்தம் போடாமல் போக வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். அங்கிருந்து ஒரு கல்லும் எடுத்துவரக் கூடாது, தொல்லியல் இடத்தில் அது குற்றம். கல் கிடந்த இடம் போய்விட்டால் அதன் கதையும் போய்விடும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் விளங்கும்.

வரப்போகும் கேள்விகள்

"நாங்கள் குரங்கிலிருந்தா வந்தோம்?" இல்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதை. சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல, தூரத்து ஒன்றுவிட்ட சகோதரம். சின்னப் பிள்ளைக்கு இதுவே போதும்.

"கடவுள்தான் படைத்தார் என்று அம்மம்மா சொன்னா." கொழும்பு வகுப்பில் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். அம்மம்மாவோடு வழக்குப் பேசாதீர்கள். "அதை அம்மம்மாவோடு கதையுங்கள். இங்கே நாங்கள் மண்ணுக்குள் கிடைத்ததைப் பார்க்கிறோம்" என்று சொல்லி வேலையைத் தொடருங்கள். ஆசிரியராக இருந்தால், தொடங்கும் முன்பே பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடுவது நல்லது.

"வேடர்தானே ஆதி மனிதர்?" இதற்கு மட்டும் நிதானமாக, உறுதியாகப் பதில் சொல்லுங்கள். வேடர்கள் இன்றைய மனிதர்கள். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களின் பிள்ளைகளும் பாடசாலை போகிறார்கள். குகையில் வாழ்ந்தவர்கள் இந்தத் தீவில் உள்ள எல்லோருக்கும் முன்னால் வாழ்ந்தவர்கள். உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தைப் பழங்காலப் பொருளாகக் காட்டும் படமோ நாடகமோ வகுப்பில் வேண்டவே வேண்டாம்.

"ஆம்பிளைகள்தானே வேட்டைக்குப் போனது?" யார் எய்தது என்று அம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெருவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் பக்கத்தில் வேட்டைக் கருவிகளே கிடைத்திருக்கின்றன.

"வருத்தம் வந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களா?" ஈராக்கின் ஷனிதார் குகையில் ஒரு நியாண்டர்தால் மனிதரின் எலும்புகள் உள்ளன. ஒரு கை சூம்பிப்போய், தலையில் அடிபட்டு, ஒரு கண் பார்வையும் போயிருக்கக்கூடிய நிலையில் அவர் பல ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறார். யாரோ சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள், யாரோ பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். இந்த ஒரு கதைக்கு முழுப் பாடநேரத்தையும் ஒதுக்கலாம்.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது

வாரத்துக்கு ஒரு படி என்று வைத்தால் ஒரு தவணைக்குள் முடிந்துவிடும். வாளிப் புதையலை மட்டும் முதல் நாளே புதைத்துவிடுங்கள், அப்போதுதான் கடைசி வாரத்தில் தோண்டலாம். மே, யூன் மழையில் காலிமுகத்திடலும் கடற்கரையும் சரிவராது. அந்த வாரங்களில் குப்பை விளையாட்டையும் கயிறு திரிப்பதையும் முன்னுக்கு எடுங்கள். தரம் 1 பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு இருபத்தைந்து நிமிடம் போதும், தரம் 3க்கு முக்கால் மணி நேரம் தாங்கும். தோண்டி முடித்த அன்றே இரண்டாவது படத்தையும் கீறவிடுங்கள், கையில் மண் காயும் முன்பே.